சர்ச்சில் ரயில் பாதை: மானியம் எதற்கு, ஆபத்து எங்கே?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கும் சர்ச்சில் என்ற சிற்றூருக்குச் சாலை கிடையாது. தெற்கிலிருந்து வரும் சாலை கில்லம் வட்டாரத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து சர்ச்சில் வரை ரயில் பாதையின் கணக்கில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அந்த நீளம் முழுவதும் சதுப்பு, ஏரி, குட்டை மரங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊரில் வாழ்வோர் 870 பேர்.

இந்த ஊரைப் பற்றி அண்மைக் காலமாக இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, சர்ச்சில் துறைமுகத்தை நாட்டின் அடுத்த ஏற்றுமதி வாசலாகப் பேசுகிறது. 2025 செப்டம்பரில் கனடா அரசு முன்னிறுத்திய பெருந்திட்ட யோசனைகளில் இந்தத் துறைமுக விரிவாக்கமும் இருந்தது. மற்றொன்று, அந்தத் துறைமுகத்துக்குச் செல்லும் ஒரே ரயில் பாதையைப் பிடித்து நிறுத்த அரசுகள் மறுபடியும் பணம் தந்திருப்பதாகச் சொல்கிறது. எதிர்காலம் இவ்வளவு பெரிதென்றால் நிகழ்காலத்தில் மானியம் ஏன் என்று வாசகர் குழம்புவது இயல்பு. விடை தெரிய வேண்டுமானால் பாதை யாருடையது, அது எந்த நிலத்தின்மேல் கிடக்கிறது, பணம் எந்த வழியில் வருகிறது ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தண்டவாளம் ஒருவருடையது, ரயில் இன்னொருவருடையது

வினிப்பெக் நகரிலிருந்து சர்ச்சிலுக்கு வாரம் இருமுறை பயணிகள் ரயில் செல்கிறது. தூரம் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். தாமதம் இல்லாவிட்டாலும் இரண்டு இரவுகள் பிடிக்கும். அந்த ரயிலை ஓட்டுவது வியா ரயில் என்னும் மத்திய அரசு நிறுவனம். ஆனால் வியா ரயில் ஓடும் தண்டவாளங்களில் அதற்குச் சொந்தமானவை மிகச் சொற்பம். நாடு முழுவதுமே அது பிறருடைய பாதையில் கட்டணம் கட்டி ஓடும் நிறுவனம்தான். சர்ச்சில் ரயில் வழியில் கனடியன் நேஷனல் என்ற ரயில் நிறுவனத்தின் பாதையை விட்டு விலகி, தி பாஸ் என்ற ஊரிலிருந்து ஹட்சன் பே ரயில்வே பாதையில் ஏறுகிறது. தி பாஸிலிருந்து சர்ச்சில் வரையுள்ள அந்த 820 கிலோமீட்டர்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

சர்ச்சிலைத் தவிர இந்தப் பாதையை நம்பி வாழும் ஊர்கள் வேறும் உண்டு. திக்கெட் போர்ட்டேஜ், பிக்விட்டோனே, இல்ஃபோர்டு ஆகியவை வெளியுலகில் அதிகம் பேசப்படாத பெயர்கள். ஏரிகள் உறைந்து பனிச்சாலை போடப்படும் சில வாரங்களைத் தவிர, ஆண்டின் மற்ற நாள்களில் இந்த ஊர்களுக்குத் தரைவழி என்றால் ரயில்தான். மளிகையும் கட்டடப் பொருளும் மருத்துவமனைக்குப் போக வேண்டியவரும் எல்லாம் இதே பாதையில்தான். பயணி கேட்டுக்கொண்டால் ரயில் வழியிலேயே நிற்கும் இடங்களும் இதில் உண்டு. ஆகவே 870 பேருக்காக 820 கிலோமீட்டரா என்ற கேள்வி தொடக்கத்திலேயே கணக்கைத் தவறாகப் போடுகிறது.

மானியம் என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் மூன்று பணங்கள்

செய்திகளில் மானியம் என்று ஒரே சொல்லில் வருவது உண்மையில் மூன்று வேறு பணங்கள்.

1. பயணிகள் ரயிலை ஓட்டுவதற்கான பணம். டிக்கெட் வருமானத்துக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தை மத்திய அரசு வியா ரயில் மூலம் நிரப்புகிறது. சாலை வசதியற்ற பகுதிகளுக்கான சேவை என்ற வகையில் இது வருகிறது.

2. பாதையை அன்றாடம் பராமரித்து இயக்குவதற்கான பணம். இது தண்டவாள உரிமையாளருக்குப் போகிறது.

3. பாதையைச் சீரமைப்பதற்கான மூலதனம். வெள்ளம் அடித்துச்சென்ற கரையைக் கட்டுவது, பழைய பாலங்களை மாற்றுவது, மூழ்கும் இடங்களில் ஜல்லி கொட்டி உயர்த்துவது ஆகியவை இதில் அடங்கும்.

முதல் பணம் தடையின்றி வந்தாலும், இரண்டாவதும் மூன்றாவதும் வராவிட்டால் ரயில் நின்றுவிடும். 2017இல் வெள்ளம் பாதையை உடைத்தபோது நடந்தது அதுதான். வியா ரயில் ஓடத் தயாராக இருந்தது. ஓடுவதற்குப் பாதை இல்லை.

முதல் பணமும்கூடச் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது அன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1977இல் தோன்றிய வியா ரயிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அமைச்சரவை முடிவுகளின்மேல் அது நிற்கிறது. 1990 ஜனவரியில் ஒரே முடிவில் அதன் சேவைகளில் ஏறத்தாழ பாதி வெட்டப்பட்டது. சர்ச்சில் ரயில் அப்போது தப்பியது. தப்பியதற்குக் காரணம் அரசின் கொள்கை. எந்தச் சட்டப்பிரிவும் அதைக் காக்கவில்லை.

உறைந்த நிலத்தின்மேல் ஒரு பாதை

மேற்குக் கனடாவின் பிரெய்ரி சமவெளியில் விளையும் கோதுமையைக் குறுகிய வழியில் ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்ற விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கையால் பிறந்த பாதை இது. முதலில் போர்ட் நெல்சன் என்ற இடத்தில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். நெல்சன் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு செயற்கைத் தீவையே எழுப்பி, ஒரு பாலத்தையும் போட்டு, பிறகு இடம் சரியில்லை என்று கைவிட்டார்கள். 1927இல் இலக்கு சர்ச்சிலுக்கு மாறியது. கடைசிப் பகுதியை 1928-29 குளிர்காலத்தில், சதுப்பு கெட்டியாக உறைந்திருந்த வேளையில் அதன்மேலேயே தண்டவாளத்தை விரித்துக்கொண்டு போய் முடித்தார்கள். ஜல்லி பிறகு வந்தது. 1929இல் பாதை சர்ச்சிலை எட்டியது. துறைமுகம் 1931இல் திறக்கப்பட்டது.

உறைந்திருக்கும்போது பாறை போலத் தாங்கும் அதே நிலம்தான் பாதையின் நிரந்தர நோய்க்கும் காரணம். அதன் இயக்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் மானியப் பணம் போகும் இடம் இது.

சர்ச்சிலை நெருங்க நெருங்க, மண்ணுக்குள் கோடையிலும் கரையாத உறைநிலம் இருக்கிறது. தெற்கே வர வர அது திட்டுத் திட்டாக மாறுகிறது: ஓரிடத்தில் உறைந்த மண், பத்தடி தள்ளி உறையாத சேறு. மேலே போர்வை போலக் கிடக்கும் பாசியும் மட்காத தாவரங்களும் கோடைச் சூட்டைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. ரயில் பாதைக்காக அந்தப் போர்வையின்மேல் ஜல்லிக்கரை எழுப்பும்போது பல காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. கரை இயற்கையான நீரோட்டத்தை மறிக்கிறது. அதன் ஓரத்தில் தேங்கும் கருநிற நீர் வெயிலை உறிஞ்சுகிறது. குளிர்காலத்தில் கரையின் சரிவில் குவியும் பனி, மண்ணைக் குளிரவிடாத கம்பளியாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் பனிக்கட்டி கரைகிறது. கரைந்த அளவுக்கு நிலம் இறங்குகிறது. ஒரே சீராக இறங்கினால்கூடச் சமாளிக்கலாம். உறைந்த திட்டும் உறையாத திட்டும் சந்திக்கும் விளிம்புகளில் மட்டும் அது இறங்குவதால் தண்டவாளம் அலை அலையாக நெளிகிறது. தொழிலாளர்கள் அந்த இடங்களில் தண்டவாளத்தை நெம்பி உயர்த்தி, அடியில் ஜல்லியைத் திணித்து மட்டப்படுத்துகிறார்கள். அந்த ஜல்லியின் எடையோடு நிலம் மீண்டும் இறங்குகிறது. அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே வேலை.

சர்ச்சிலுக்கு அருகில் பாதையோரமாக நிற்கும் பழைய தந்திக் கம்பங்களைப் பார்த்தால் இது கண்ணுக்கே புலப்படும். ஒற்றைக் கம்பத்தை நட்டால் உறைந்து உருகும் மண் அதை மேலே தள்ளிச் சாய்த்துவிடும் என்பதால், மூன்று கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி முக்காலிபோல நிலத்தின்மேல் நிறுத்தியிருந்தார்கள். கம்பத்துக்கு அந்த உபாயம் போதும். பல நூறு டன் சரக்கு ரயிலுக்குப் போதாது.

நீர் இன்னொரு வழியிலும் தாக்குகிறது. 2018 செப்டம்பரில், இந்தப் பாதையில் உள்ள பாண்டன் என்ற இடத்தருகே பீவர் விலங்குகள் கட்டிய அணைகள் உடைந்து, வெள்ளம் கரையின் அடிப்பகுதியை அரித்துச்சென்ற இடத்தில் சரக்கு ரயில் ஒன்று கவிழ்ந்தது. ரயில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஆளில்லாக் காட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒவ்வொரு நீர்ப்போக்கையும் கண்காணிப்பது சிறிய வேலை அன்று. பருவநிலை சூடாவதால் இந்த வேலை இன்னும் கூடும், குறைய வழியில்லை.

கோதுமை போனது, கணக்கு கவிழ்ந்தது

1997இல் கனடியன் நேஷனல் இந்தப் பாதையை அமெரிக்காவின் ஆம்னிட்ராக்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. துறைமுகமும் அதே நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் மேற்குக் கனடாவின் கோதுமையை விற்கும் தனியுரிமை கனடியக் கோதுமை வாரியத்திடம் இருந்தது. சர்ச்சில் வழியாகச் சென்ற தானியத்தில் பெரும்பகுதி வாரியம் அனுப்பியதுதான். 2012 ஆகஸ்டில் அந்தத் தனியுரிமை முடிவுக்கு வந்தது. தனியார் தானிய நிறுவனங்களுக்கு மேற்குக் கடற்கரையிலும் பேரேரிகளின் கரையிலும் சொந்த முனையங்கள் இருந்தன. ஆண்டில் நான்கு மாதம் போலத் திறந்திருக்கும் சர்ச்சிலுக்கு அனுப்ப அவற்றுக்குக் காரணமில்லை. இதை எதிர்பார்த்து, சர்ச்சில் வழியே தானியம் அனுப்புவோருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வரை ஐந்தாண்டுகளுக்கு அரசு ஊக்கத்தொகை தந்தது. பணம் முடியும் தறுவாயில் சரக்கும் முடிந்தது. 2016 ஜூலையில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள்.

பயணிகள் ரயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், பாதையின் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கைச் சரக்குக் கட்டணம்தான் சுமக்க வேண்டியிருந்தது. நிலம் மூழ்கும் வேகம் சரக்கின் அளவைக் கேட்டுக்கொண்டு குறைவதில்லை. நூறு ரயில் ஓடினாலும் பத்து ரயில் ஓடினாலும் கரையை உயர்த்தும் செலவு ஏறக்குறைய அதேதான்.

2017 மே 23

அந்த ஆண்டு மார்ச் மாதம் சர்ச்சிலைக் கடும் பனிப்புயல் தாக்கியது. வசந்தத்தில் அத்தனை பனியும் உருகி வெள்ளமானது. மே 23 அன்று கில்லமுக்கு வடக்கே சேவை நிறுத்தப்பட்டது. சுமார் 20 இடங்களில் கரை அடித்துச் செல்லப்பட்டிருந்தது. அடியில் மண் போய், தண்டவாளமும் கட்டைகளும் அந்தரத்தில் தொங்கின.

பழுதுபார்க்கப் பல கோடி டாலர் ஆகும், அது வணிக நோக்கில் கட்டுப்படியாகாது என்று உரிமையாளர் நிறுவனம் சொன்னது. 2008இல் செய்த ஒப்பந்தத்தின்படி பாதையை மேம்படுத்த அரசுகளிடம் பணம் பெற்றிருப்பதால் 2029 வரை அதை இயக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று மத்திய அரசு சொல்லி, 1.88 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்தது, பாதை கிடந்தது.

ஊரில் என்ன ஆனது? சர்ச்சிலில் மாட்டிக்கொண்ட வியா ரயிலின் என்ஜின்களையும் பெட்டிகளையும் அந்த இலையுதிர் காலத்தில் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடேற்றத் தேவையான புரோப்பேன் எரிவாயுவைக் கடல் உறைவதற்குள் கப்பலில் கொண்டுவந்து சேமித்தார்கள். உணவுப் பொருள்கள் விமானத்தில் வந்ததால் விலை ஏறியது. கடல் உறைந்த பிறகு, கில்லமிலிருந்து சங்கிலிச் சக்கர வண்டிகள் சறுக்கு மேடைகளில் சரக்கை இழுத்துக்கொண்டு உறைந்த சதுப்பின்மேல் சர்ச்சில் வரை சென்றன. துருவக் கரடிகளையும் பெலூகா திமிங்கிலங்களையும் காண வருவோரை நம்பி வாழும் ஊர், மலிவான ஒரே பயண வழியை இழந்தது. இந்த நிலை பதினெட்டு மாதங்கள் நீடித்தது. ஒரு பணக்கார நாட்டில், பல கோடி டாலர் செலவுக்குப் பொறுப்பாளி யார் என்ற வாக்குவாதத்துக்காக ஓர் ஊரையே இரண்டு குளிர்காலங்களின் வாசலில் நிறுத்தியதை நியாயப்படுத்த முடியாது என்றே நான் கருதுகிறேன்.

சட்டம் எதைக் காக்கிறது?

கனடாவில் ரயில் நிறுவனம் ஒரு பாதையைக் கைவிட விரும்பினால், போக்குவரத்துச் சட்டம் அதற்கு ஒரு வழிமுறை வைத்திருக்கிறது.

1. கைவிடப் போகும் பாதையை நிறுவனம் தனது மூன்றாண்டுத் திட்டத்தில் முன்கூட்டியே அறிவித்துக் காத்திருக்க வேண்டும்.

2. பிறகு, தொடர்ந்து இயக்க விரும்புவோருக்கு விற்பதாக விளம்பரம் செய்ய வேண்டும்.

3. வாங்க ஆளில்லையென்றால், மத்திய, மாகாண, உள்ளாட்சி அரசுகளுக்கு, பழைய இரும்பாக விற்றால் கிடைக்கும் நிகர மதிப்புக்கு மிகாத விலையில் தர முன்வர வேண்டும்.

4. அவர்களும் மறுத்தால் பாதையை மூடலாம்.

இந்த வழிமுறை விற்பனையை ஒழுங்குபடுத்துகிறது. பாதையின் மறுமுனையில் சாலையற்ற ஊர் இருந்தால் சேவை தொடர்ந்தே ஆக வேண்டும் என்று அது சொல்வதில்லை. உடைந்த பாதையை இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று உரிமையாளரை உடனடியாகக் கட்டாயப்படுத்தும் கருவியும் நடைமுறையில் இல்லை என்பதை அந்தப் பதினெட்டு மாதங்கள் காட்டின.

இப்போது உரிமையாளர்கள் அந்த ஊர்களே

2018இல் ஆர்க்டிக் கேட்வே குழுமம் பாதையையும் துறைமுகத்தையும் வாங்கியது. அதில் ஃபேர்ஃபாக்ஸ், ஏஜிடி ஃபுட் ஆகிய நிறுவனங்களோடு வடக்கு மனிடோபாவின் பூர்வகுடி மக்களும் பிற ஊர்களும் பங்குதாரர்கள். மத்திய அரசு 11.7 கோடி டாலர் வரை ஒதுக்கியது: வாங்கவும் பழுதுபார்க்கவும் 7.4 கோடி, பத்தாண்டுகள் இயக்குவதற்கு 4.3 கோடி. புதிய உரிமையாளர்கள் அக்டோபர் இறுதிக்குள், அதாவது சுமார் இரண்டே மாதங்களில், பாதையை இணைத்துவிட்டார்கள். முந்தைய ஓராண்டுக்கும் மேலாக இயலாது என்று சொல்லப்பட்ட வேலை அது. டிசம்பர் தொடக்கத்தில் பயணிகள் ரயில் சர்ச்சிலுக்குத் திரும்பியது.

2021இல் நிறுவனங்கள் விலகி, முழு உரிமையும் 41 பூர்வகுடி, வடபகுதிச் சமூகங்களின் கைக்கு வந்தது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். பாதை உடைந்தால் பாதிக்கப்படுவோரே அதை ஆளுவது சரியான ஏற்பாடு. ஆனால் இதன் மறுபக்கத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. ஒரு பன்னாட்டு நிறுவனத்தால் தாங்க முடியாத நட்டத்தின் ஆபத்து இப்போது நாட்டிலேயே வசதி குறைந்த சமூகங்கள் சிலவற்றின் தோளில் இருக்கிறது. உரிமை கைமாறியதால் உறைநிலம் கரைவது நின்றுவிடவில்லை.

அதனால்தான் பணம் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது. 2022இல் மத்திய அரசு 6 கோடி டாலரும் மாகாணம் 7.38 கோடி டாலரும் அறிவித்தன. 2024இல் இரண்டும் சேர்ந்து இன்னொரு 6 கோடி. 2025இல் மேலும் சுமார் 8 கோடி. தொகைகள் சிறியவை அல்ல. ஆயினும் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கான தவணைகள். பாலத்தின் ஆயுளை 50 ஆண்டுகளுக்குக் கணக்கிடும் பொறியாளர், நீர்ப்போக்கை ஆய்வு செய்து, கோடையின் குறுகிய வேலைக் காலத்துக்கு ஆளும் ஜல்லியும் ஏற்பாடு செய்து முடிப்பதற்குள் தவணை முடிந்துவிடும். சிக்கல் மானியம் கொடுப்பதில் இல்லை. அது எப்போதும் அவசர உதவியாகவே வருவதில் இருக்கிறது.

பிற வடபாதைகளின் அனுபவம்

ஒன்டாரியோவில் சூ செயின்ட் மேரியிலிருந்து ஹர்ஸ்ட் வரை 476 கிலோமீட்டர் ஓடிய அல்கோமா சென்ட்ரல் பயணிகள் ரயிலுக்கு மத்திய அரசு தந்த உதவி ஆண்டுக்கு சுமார் 22 லட்சம் டாலர். 2014இல் அதை நிறுத்தும் முடிவு வந்தது; எதிர்ப்புக்குப் பின் ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது; 2015 ஜூலையில் ரயில் நின்றது. அதை மீட்க மிசனாபி க்ரீ பூர்வகுடியினர் முயன்றும் ரயில் திரும்பவில்லை.

அதே மாகாணத்தில் டொரன்டோவுக்கும் காக்ரேனுக்கும் இடையே ஓடிய நார்த்லேண்டர், பயணி ஒருவருக்கு 400 டாலருக்கும் மேல் மானியம் ஆகிறது என்ற கணக்கோடு 2012 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. சாலையற்ற மூசொனிக்குச் செல்லும் போலார் பேர் எக்ஸ்பிரஸை மட்டும் விட்டுவைத்தார்கள். பத்தாண்டுகள் கழித்து, நார்த்லேண்டரை மீண்டும் ஓட்டுவதற்காக 2022இல் சுமார் 14 கோடி டாலருக்குப் புதிய ரயில்கள் வாங்க ஒப்பந்தம் ஆனது. பயணித் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு, நிறுத்தியதைத் திரும்பத் தொடங்கும் செலவைச் சேர்ப்பதில்லை.

கியூபெக்–லாப்ரடார் எல்லைப் பகுதியில் ஷெஃபர்வில் செல்லும் பாதையை 2005இல் ஒரு சுரங்க நிறுவனம் ஒரு டாலருக்கு இன்னு, நஸ்காப்பி மக்களிடம் ஒப்படைத்தது. வடகாற்று என்று இன்னு மொழியில் பொருள்படும் ட்ஷியூட்டின் என்ற பெயரில் அவர்கள் அதை இன்றும் நடத்துகிறார்கள், அரசின் தொடர்ந்த உதவியோடு. பூர்வகுடி உரிமை நிலைக்கும் என்பதற்கு அது சான்று. உதவியின்றி நிலைக்கும் என்பதற்குச் சான்று அன்று.

இனி கவனிக்க வேண்டியவை

1. சரக்கு. 2024 ஆகஸ்டில், இருபதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், ஸ்னோ லேக் சுரங்கத்தின் துத்தநாகத் தாது சர்ச்சில் வழியாக ஏற்றுமதியானது. ஒரு கப்பல் ஒரு தொழிலாகிவிடாது. ஆண்டுதோறும் உறுதியான அளவு தருவதாக நீண்ட ஒப்பந்தங்கள் வருகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும்.

2. துறைமுகத் திட்டத்தின் பணம் எங்கே போகிறது. கப்பல்துறைக்கும் பனியுடைப்புக் கப்பலுக்கும் செலவிட்டு, 820 கிலோமீட்டர் பாதையைக் குறுகிய தவணைகளிலேயே விட்டால், வேகக் கட்டுப்பாடும் எடைக் கட்டுப்பாடும் நீடிக்கும். சரக்கு வந்தாலும் பாதை அதைச் சுமக்காது.

3. பயணிகள் சேவை. துறைமுகத் திட்டம் வென்றால் சரக்கு ரயில்கள் பெருகும். ஒற்றைப் பாதையில் அப்போது பிக்விட்டோனே பயணிக்காக நிற்கும் ரயிலுக்கு எந்த இடம் என்பதை ஒப்பந்தத்தில் இப்போதே எழுதிவைக்க வேண்டும். திட்டம் தோற்றால் 2012க்குப் பின் நடந்தது மீண்டும் நடக்கும். இரண்டிலும் பாதையோர ஊர்களின் ரயிலைச் சரக்கின் விதியோடு கட்டிப்போடாமல் தனியாகக் காக்க வேண்டியிருக்கிறது.

4. காலக்கெடு. 2018இல் இயக்கச் செலவுக்காக ஒதுக்கிய பத்தாண்டு உதவி 2028இல் முடிகிறது. அதற்குப் பதிலாக இன்னொரு குறுகிய தவணை வருகிறதா, அல்லது நெடுஞ்சாலையைப் பராமரிப்பதுபோல ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறும் நிலையான ஒதுக்கீடு வருகிறதா என்பதை அந்தக் கெடுவுக்கு முன்னரே முடிவுசெய்ய வேண்டும். ஏனெனில் 2029 கோடையில் கொட்ட வேண்டிய ஜல்லிக்கு 2028இலேயே ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.